தண்ணீரே கம்பி: எலெக்ட்ரோடு ஹியூமிடிஃபையரும் மின்பாதுகாப்பும்

சளி பிடித்த பிள்ளைக்கு ஆவி பிடிக்க மருந்துக்கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வேப்பரைசர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பிளக்கை உருவிவிட்டு அதன் மூடியைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் உள்ளே ஹீட்டர் சுருள் இருக்காது. இரண்டு உலோகத் தகடுகள் சற்று இடைவெளி விட்டு எதிரெதிரே நிற்கும், அவ்வளவுதான். ஒரு தகட்டுக்கு ஃபேஸ், இன்னொன்றுக்கு நியூட்ரல். நடுவே நிற்கும் தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்கிறது. பாயும்போது தண்ணீரின் தடையால் தண்ணீரே சூடாகிக் கொதிக்கிறது. ஆவி வரவில்லையென்றால் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வது இதனால்தான். உப்புக் கரைந்தால் தண்ணீரின் கடத்துதிறன் கூடும், மின்சாரம் அதிகம் பாயும்.

பிளக் செருகியிருக்கும்வரை அந்தத் தண்ணீர் உரித்த மின்கம்பிக்குச் சமம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டிருக்கும் தவறான வயரிங் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அங்கே சுவிட்சு அணைந்த பிறகும் தண்ணீரில் ஃபேஸ் நிற்கும். பிளக்கை உருவி ஓரமாக வைத்துவிட்டுத்தான் மூடியைத் தொட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹாஸ்டல் பையன்கள் இரண்டு சவர பிளேடுகளுக்கு நடுவில் தீக்குச்சி வைத்துக் கட்டி வெந்நீர் போடுவதும் இதே முறைதான், எந்தக் காப்பும் இல்லாமல். கண்டால் அப்போதே பறித்துவிடுங்கள்.

வேப்பரைசர் செய்யும் அதே வேலையைப் பெரிய அளவில், கட்டுப்பாட்டோடு செய்வதுதான் எலெக்ட்ரோடு ஹியூமிடிஃபையர். கம்ப்யூட்டர் சர்வர் அறைகளிலும் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்களிலும் அருங்காட்சியகங்களிலும் இது இருக்கிறது. எனக்கு நன்கு பழக்கமானது கோவைப் பக்கத்து நூல் பரிசோதனைக் கூடம் என்பதால் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பஞ்சும் நூலும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருட்கள். பருத்தி நூல் ஈரமாக இருந்தால் வலுவாகவும், காய்ந்தால் வலுக்குறைந்தும் காட்டும். அதனால்தான் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6359, துணிநூல் மாதிரிகளை 27 டிகிரி வெப்பத்திலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துப் பதப்படுத்தச் சொல்கிறது. ஈரப்பதத்தில் அது அனுமதிக்கும் வேறுபாடு கூடவும் குறையவும் 2 சதவீதம்தான். அறையைக் குளிர்விக்கும் ஏ.சி.யோ காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே தள்ளிவிடுகிறது. வறண்ட காற்று வீசும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். போன ஈரத்தைத் திருப்பித் தருவதுதான் இந்தக் கருவியின் வேலை.

சிலிண்டருக்குள் நடப்பது

கருவியின் உயிர்நிலை ஒரு பிளாஸ்டிக் சிலிண்டர். டெக்னீஷியன்கள் பாட்டில் என்றே சொல்வார்கள். மூன்று ஃபேஸ் கருவியென்றால் உள்ளே மூன்று எலெக்ட்ரோடுகள் மேலிருந்து கீழே தொங்கும். அடியில் தண்ணீர் ஏறவும் இறங்கவும் வழி, மேலே நீராவி போகும் வாய், உச்சியில் ‘தண்ணீர் நிறைந்துவிட்டது’ என்று சொல்லும் ஒரு சிறு முள். ஓடுவது ஏ.சி. மின்சாரம்தான். டி.சி. கொடுத்தால் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் வெளிவரும், எலெக்ட்ரோடும் சீக்கிரம் அரித்துப்போகும்.

மின்சாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் இங்கே தனி ரெகுலேட்டர் கிடையாது. அந்த வேலையைத் தண்ணீர் மட்டமே பார்த்துக்கொள்கிறது. மட்டம் ஏறினால் எலெக்ட்ரோடு அதிக உயரத்துக்கு நனையும், மின்சாரம் கூடும், ஆவியும் கூடும். மட்டம் இறங்கினால் எல்லாமே குறையும். கருவியின் மூளை ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஆம்பியரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் சோலனாய்டு வால்வைத் திறந்து தண்ணீர் விடும், வேண்டிய ஆம்பியர் வந்ததும் மூடிவிடும். தண்ணீர் தீர்ந்துபோனால் மின்சாரம் தானாகவே நின்றுவிடும். காயில் வைத்த ஹீட்டர் தண்ணீரில்லாமல் எரிந்துபோவதுபோல் இது எரியாது. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 20 டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 335 கிலோஜூல், அதை ஆவியாக்க இன்னொரு 2257 கிலோஜூல். இரண்டும் சேர்ந்தால் 0.72 யூனிட். வெளியே போகும் சூட்டையும் டிரெயினில் போகும் வெந்நீரையும் சேர்த்து, கிலோவுக்கு முக்கால் யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 8 கிலோ ஆவி தரும் கருவி 6 கிலோவாட் இழுக்கும். 400 வோல்ட் மூன்று ஃபேஸில் அது ஃபேஸுக்கு எட்டரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு மின்சாரம் வீணாகவும் ஓடலாம். சென்னையைப் போன்ற கடலோர ஊரில் வருடத்தின் பெரும்பகுதி வெளிக்காற்றே ஈரமாகத்தான் இருக்கிறது. அங்கே ஒரு சர்வர் அறையில் ஹியூமிடிஃபையர் இரவும் பகலும் ஓடுகிறதென்றால், முதலில் சென்சார்களைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஏ.சி. ஈரத்தை எடுக்க, பக்கத்திலிருக்கும் இன்னொன்று ஈரத்தைச் சேர்க்க, இரண்டும் மல்லுக்கட்டி மின்கட்டணத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

எந்தத் தண்ணீர்

இந்தக் கருவிக்குக் கொஞ்சம் உப்புள்ள தண்ணீர் வேண்டும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பது சென்டிமீட்டருக்கு 125 முதல் 1250 மைக்ரோசீமென்ஸ் வரை. கையில் டி.டி.எஸ். மீட்டர்தான் இருக்கிறதென்றால், அது காட்டும் எண்ணை இரண்டால் பெருக்கினால் தோராயமான கணக்கு கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ டிஸ்டில்டு தண்ணீரோ விட்டால் மின்சாரம் பாயாது. சிலிண்டர் உச்சிவரை நிரம்பிய பிறகும் ஆவி வராமல் அலாரம்தான் அடிக்கும். மென்மைக்குப் பேர்போன சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் கருவி சூடுபிடிக்க நேரமாகும். அதே கோவையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே விட்டால் உப்பு வேகமாகப் படிந்து சில வாரங்களிலேயே பாட்டிலை மாற்ற வேண்டி வரும். சாஃப்ட்னர் தண்ணீர் நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். காறை குறையும் என்பது உண்மை. ஆனால் சோடியம் ஏறுவதால் நுரை பொங்கும். அந்த நுரை மேலே ஏறி, தண்ணீர் நிறையாமலேயே உச்சி முள்ளைத் தொட்டுப் பொய் அலாரம் கொடுக்கும். தயாரிப்பாளரின் கையேடு சம்மதித்தால் தவிர சாஃப்ட்னர் வேண்டாம்.

புதுச் சிலிண்டர் போட்ட முதல் சில மணி நேரம் ஆவி குறைவாகத்தான் வரும். ஆவியாகப் போவது சுத்தத் தண்ணீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கித் தங்கிச் செறிவாகி, கடத்துதிறன் ஏறி, பிறகுதான் முழு வேகம் வரும். அதுவரை பொறுக்க மாட்டாமல், வேப்பரைசர் பழக்கத்தில், ஒரு பிடி உப்பை உள்ளே போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைச் செய்யவே கூடாது. கடத்துதிறன் மிஞ்சிப்போனால் கருவி மட்டத்தைத் தாழ்த்தியே ஓட வேண்டியிருக்கும். எலெக்ட்ரோடின் நுனி மட்டும் நனைந்திருக்க, மொத்த மின்சாரமும் அந்த நுனி வழியே பாய்ந்து தீப்பொறி பறக்கும். கழற்றிப் பார்த்தால் சிலிண்டரின் உட்சுவரில் கருகிய தடங்கள் தெரியும்.

உப்பு இப்படிச் சேர்ந்துகொண்டே போவதால்தான் கருவி அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை டிரெயினில் தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்கிறது. தண்ணீர் வீணாகிறதென்று இந்த டிரெயினை அடைத்துவிடாதீர்கள். இவ்வளவு செய்தும் எலெக்ட்ரோடில் காறை படியும். படியப்படிய, புது உலோகப் பரப்பைத் தேடி மட்டம் மேலே மேலே ஏறும். உச்சி முள்ளை எட்டியும் ஆம்பியர் போதவில்லையென்றால் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

மூன்று நாளைக்கு மேல் கருவி சும்மா நிற்கப் போகிறதா? சிலிண்டரைக் காலி செய்துவிடுங்கள். கொதித்து வரும் ஆவியில் கிருமி இருக்காது. ஆனால் தேங்கி ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா வளரும்.

மின்பாதுகாப்பு

கருவியின் பிளாஸ்டிக் சிலிண்டர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் தண்ணீர் சிலிண்டருக்குள் அடைந்து கிடப்பதில்லை. கீழே வரத்துக் குழாய், டிரெயின் குழாய், மேலே நீராவிக் குழாய் என்று மூன்று பக்கமும் வெளியே போகிறது. குழாய் பி.வி.சி.தானே, ஷாக் எப்படி அடிக்கும் என்று கேட்பார்கள். குழாய் கடத்தாவிட்டாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் கடத்துமே!

தண்ணீரில் எவ்வளவு வோல்ட் நிற்கிறது? மூன்று எலெக்ட்ரோடுகளும் சமமாக இழுத்தால், மூன்று ஃபேஸும் ஒன்றையொன்று ஈடுகட்டி நடுத்தண்ணீர் ஏறக்குறைய பூஜ்யம் வோல்ட்டில் இருக்கும். சிங்கிள் ஃபேஸ் கருவியில் அப்படியில்லை. ஒரு பக்கம் 230, மறுபக்கம் பூஜ்யம். நடுவில் 115 வோல்ட் எப்போதும் நிற்கும். மூன்று ஃபேஸ் கருவியில் ஒரு ஃப்யூஸ் போய், இரண்டு ஃபேஸில் ஓடினாலும் அதே 115தான். நனைந்த மனித உடலின் தடையை ஏறக்குறைய 1000 ஓம் என்று கொள்ளலாம். அப்படியென்றால் உடலில் பாயக்கூடியது 115 மில்லி ஆம்பியர். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைத்து நிறுத்த அது போதும்.

இந்த வோல்ட் குழாய் வழியே எவ்வளவு தூரம் வரும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். வரத்துக் குழாய் 10 மில்லிமீட்டர் உள்விட்டம், அரை மீட்டர் நீளம், தண்ணீர் 500 மைக்ரோசீமென்ஸ் என்றால், அந்தத் தண்ணீர்த் தூணின் தடை ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் ஓம். 115 வோல்ட்டில் ஒரு மில்லி ஆம்பியர்கூடக் கசியாது. டிரெயின் கதை வேறு. அங்கே போவது செறிவேறிய கொதிநீர். சூடு ஏறினாலும் கடத்துதிறன் ஏறும், டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம். அதை 5000 மைக்ரோசீமென்ஸ் என்றும், குழாயை 25 மில்லிமீட்டர், 30 சென்டிமீட்டர் நீளம் என்றும் வைத்தால் தடை வெறும் 1200 ஓம்தான். கசிவு 90 மில்லி ஆம்பியரைத் தாண்டும். அதனால்தான் பல கருவிகளில், டிரெயின் திறக்கும் நேரத்தில் கான்டாக்டரை விடுவித்து எலெக்ட்ரோடுகளுக்கு மின்சாரம் போகாமல் செய்யும் வசதி இருக்கிறது. உங்கள் கருவியின் மெனுவில் அது இருந்தால் போட்டுவையுங்கள்.

ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எர்த்துக்குக் கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியின் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, அது தொல்லை என்று அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்திருந்தார்கள். “ஸார், மெஷின் நல்லாத்தான் ஓடுது, டிஸ்ப்ளேல எட்டு ஆம்பியர் சரியாக் காட்டுது” என்றார் அங்கிருந்த எலக்ட்ரீஷியன். கிளாம்ப் மீட்டரை எடுத்து ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கம்பியிலும் மாட்டிப் பார்த்தோம். ஆர் 8, ஒய் 3, பி 8. ஒய் எலெக்ட்ரோடு காறை மூடிக் கிடந்தது. கருவியின் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரோ ஆர் கம்பியில் மட்டும் மாட்டியிருந்ததால், அதற்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. மூன்று எலெக்ட்ரோடுகளையும் ஸ்டார் இணைப்பாக எடுத்துக் கணக்கிட்டால் அந்த நிலையில் நடுத்தண்ணீரில் ஏறக்குறைய 77 வோல்ட் நிற்கும். ஒவ்வொரு முறை டிரெயின் திறந்தபோதும் ஆர்.சி.சி.பி. விழுந்தது அதனால்தான். அது தொல்லை கொடுக்கவில்லை, உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கருவியின் கூட்டைத் திறந்தால் எர்த் லக்குக்கு அடியில் பெயின்ட். கம்பி மாட்டியிருந்தது, தொடர்பு இல்லை. சிலிண்டரை மாற்றி, பெயின்ட்டைச் சுரண்டி எர்த்தை முறுக்கி, ஆர்.சி.சி.பி.யைத் திரும்பப் போட்ட பிறகு அது விழவே இல்லை. இடைப்பட்ட வாரங்களில் யாராவது ஈரக்கையோடு கருவியின் கதவைத் தொட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

மாதம் ஒருமுறை கருவி ஓடும்போது மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் கிளாம்ப் மீட்டரில் பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எர்த் கம்பி சப்ளையிலிருந்து தனியாக, நேராகக் கருவியின் எர்த் முனைக்கு வர வேண்டும். பழைய கட்டடங்களில் ஜி.ஐ. தண்ணீர்க் குழாயையே எர்த்தாக நம்பியிருப்பார்கள். நடுவில் ஒரு முழம் பி.வி.சி. போட்டு ரிப்பேர் செய்த அன்றே அந்த எர்த் செத்துவிடும். எர்த் அமைப்புக்கு ஐ.எஸ். 3043 வழிகாட்டுகிறது. கருவியின் கூடு மட்டுமில்லாமல் டிரெயின் பக்கத்து உலோகப் பாகம், டக்டுக்குள் ஆவியைத் தெளிக்கும் ஸ்டீல் குழாய், டக்ட் எல்லாமே எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். ஸ்டீல் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நுரை பொங்கும்போது தண்ணீர் நீராவிக் குழாய்க்குள்ளும் ஏறும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் அதிகபட்சம் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். அது காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு எலெக்ட்ரோடுகளைத் தொட்டவர் வழியே ஃபேஸிலிருந்து ஃபேஸுக்குப் பாயும் மின்சாரம் எர்த்துக்குப் போவதில்லை. ஆர்.சி.சி.பி. கண்ணுக்கு அது சாதாரண லோடுதான்.

வரத்துத் தண்ணீர் நேராகச் சிலிண்டருக்குள் போகாமல், மேலே ஒரு கிண்ணத்தில் காற்று இடைவெளி விட்டு விழும்படி வைத்திருப்பார்கள். சிலிண்டர் தண்ணீர் குடிதண்ணீர்க் குழாய்க்குத் திரும்பாமலிருக்கவே அந்த இடைவெளி. வால்வ் மூடியிருக்கும்போது அதுவே மின்சாரத்துக்கும் ஒரு தடுப்பு. கிண்ணத்தில் அழுக்குச் சேர்ந்தால் துடையுங்கள், ஆனால் இடைவெளியைக் குழாய் நீட்டி மூடிவிடாதீர்கள். டிரெயின் முனையிலும் இதேபோல் ஒரு புனலில் விழும்படி விடுங்கள். புனல் கருவிக்கு நேர் அடியில் வேண்டாம், அங்கிருந்து எழும் ஆவி கன்ட்ரோல் போர்டில் படியும். சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். கொதிநீர் தாங்கும் குழாய்தான் டிரெயினுக்கு ஏற்றது.

நீராவிக் குழாய் எங்கும் தொய்ந்து தொங்கக் கூடாது, தொய்வில் தண்ணீர் தேங்கி ஆவியை மறிக்கும். டக்டில் காற்று ஓடாவிட்டால் ஆவி நிற்கும்படி ஃப்ளோ சுவிட்சும், ஈரப்பதம் மிஞ்சினால் நிறுத்தும் ஹை லிமிட் ஹைக்ரோஸ்டாட்டும் இருக்க வேண்டும். இல்லையென்றால் டக்டுக்குள்ளேயே தண்ணீர் சொட்டும்.

சிலிண்டர் மாற்றும்போது

மெனுவிலிருந்து டிரெயின் கொடுத்துச் சிலிண்டரை முழுக்கக் காலி செய்யுங்கள். பிறகு ஐசோலேட்டரை இறக்கி, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ளேயில் ‘ஆஃப்’ என்று தெரிவதை நம்பாதீர்கள். கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொண்டால், மூளை நிறுத்திய பிறகும் எலெக்ட்ரோடில் 400 வோல்ட் நிற்கும். மல்டிமீட்டரை முதலில் மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று முனைகளையும் ஒன்றோடொன்றும், எர்த்தோடும் அளந்து பாருங்கள். முடித்ததும் திரும்ப மின்சாரம் உள்ள இடத்தில் மீட்டரைச் சரிபாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் டெஸ்டரின் விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்க வேண்டாம்.

சிலிண்டர் ஆறும்வரை பொறுங்கள். எலெக்ட்ரோடு பிளக்குகளை எந்த முனையில் எது என்று குறித்துக்கொண்டு உருவுங்கள். புதியதைப் பொருத்தும்போது பிளக் கடைசிவரை இறுகி உட்கார வேண்டும். தளர்வாக இருந்தால் அந்த இடம் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். அடி வளையத்தை நனைத்துப் போட்டால் கசியாது. சிலிண்டரின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, போட்ட தேதி, அன்றைய தண்ணீரின் மைக்ரோசீமென்ஸ், ஓடத் தொடங்கிய பிறகு ஆர், ஒய், பி ஆம்பியர் ஆகியவற்றை எழுதிவையுங்கள். அடுத்து வருபவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் கருவியின் ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது விழவில்லையென்றால், புதியது மாட்டும்வரை கருவியை ஓட்டாதீர்கள்.